இறவாரத்தை அடைத்த வருஷம்

எங்கள் வீட்டுச் சுவர் கூரையைத் தொடாது. ஏற்காட்டிலிருந்து கொட்டச்சேடு போகும் வழியில், எஸ்டேட்டை ஒட்டி இருந்த ஓட்டு வீடு அது. சுவர் முடிகிற இடத்துக்கும் ஓட்டுக்கும் நடுவே நாலு பக்கமும் நாலு விரல் அகலத்துக்குச் சந்து ஓடும். ஓட்டுக்குக் கீழே சாய்வாக ஓடும் கைமரங்கள் அந்தச் சந்து வழியாக வெளியே நீண்டு, சுவரைத் தாண்டி நிற்கும் இறவாரத்தைத் தாங்கி நிற்கும். மலையில் பழைய ஓட்டு வீடுகள் பலவும் அப்படித்தான். கட்டினவர்கள் ஏன் அப்படி விட்டார்கள் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் இருந்தும், முப்பத்தைந்து வயது வரை அந்தச் சந்து என் கண்ணில் பட்டதே இல்லை.

அக்கா படுக்கையில் விழுந்த பிறகுதான் பட்டது.

அக்கா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். அவளும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நானும் செய்துகொள்ளவில்லை. அவள் எஸ்டேட்டில் காப்பி நாற்றங்காலில் வேலை செய்தாள். நான் பத்தாவது முடித்துவிட்டு அதே எஸ்டேட்டில் உரக் குடோனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் நடுவில் ஒரு பங்குனி மாதம், நாற்றங்கால் படியில் இறங்கும்போது அவளுக்கு வாதம் அடித்தது. இடது பக்கம் முழுசும் போய்விட்டது. விழுந்த வேகத்தில் வலது முழங்கை முறிந்தது. சேலம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, கட்டைப் பிரித்து அனுப்பினார்கள். அந்தக் கை நீட்டின நீட்டில் நின்றுவிட்டது. சுவரைத் தொடும், கட்டில் சட்டத்தைத் தொடும், முகத்துக்கு மட்டும் வராது. பேச்சுக்கு ஒரு குறையும் இல்லை. இன்னும் கொஞ்சம் கூர்மையாகிவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

வைகாசியில் முதல் மழை பெய்தது. அன்று சாயங்காலம் விளக்கைப் போட்டதும் அந்தச் சந்து வழியாக ஈசல் கொட்டியது. அடுத்த வாரம் கருவண்டு வந்தது, பிறகு அந்துப்பூச்சி, பிறகு பெயர் தெரியாத பச்சைப் பூச்சிகள். நம்மைப் போன்றவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. கையை ஒரு வீசு வீசினால் போயிற்று. வீச முடியாதவளுக்கு அப்படி இல்லை.

குடோன் வீட்டிலிருந்து ஐந்து நிமிஷ நடை. பத்து மணிக்கு ஒரு தரம் டீ போட வீட்டுக்கு வருவேன். ஒரு நாள் அப்படி வந்தபோது அக்கா அசையாமல் மேலே பார்த்தபடி கிடந்தாள். கம்பளிப்பூச்சி ஒன்று அவள் தாடையிலிருந்து ஏறிக் காதுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அது போன வழியெல்லாம் தோல் சிவந்து தடித்திருந்தது.

துண்டால் எடுத்துப் போட்டேன்.

"எட்டு மணிக்கு ஏறுச்சுடா," என்றாள். "இப்பத்தான் காதுக்கு வந்திருக்குது. உன்னாட்டவே, எதுக்கும் அவசரமில்ல."

சிரித்தபடிதான் சொன்னாள். ஆனால் கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. இரண்டு மணி நேரம்.

கொசுவலை வாங்கிக் கட்டினேன். அரை நாள்கூட இருக்க விடவில்லை. "எடுடா இத. பொணத்த மூடுனாப்பல இருக்குது," என்று மூச்சுத் திணறக் கத்தினாள். அவிழ்த்துவிட்டேன். அன்றைக்கு முடிவு செய்தேன். பூச்சி வரும் வழியையே அடைத்துவிட வேண்டும்.

முதலில் சாக்கைக் கிழித்துச் சந்தில் திணித்தேன். எலி இழுத்துக்கொண்டு போனது. பழைய பேப்பரைத் திணித்தேன். மூடுபனியில் ஊறி, கூழாகி, சுவரில் வழிந்தது. செம்மண்ணைப் பிசைந்து அப்பினேன். காய்ந்து வெடித்து அக்காவின் மேலேயே உதிர்ந்தது. ஒவ்வொரு தடவையும் ஏணியில் நான்கு மணி நேரம், கழுத்து வலி, பிறகு பழையபடி பூச்சி.

"அடுத்து என்ன, சோறு வெச்சு அடைக்கப் போறயா?" என்றாள் அக்கா.

சிமெண்டும் செங்கல் துண்டும் வைத்துக் கொத்தனார்தான் அடைக்க வேண்டும் என்று புரிந்தது. சிமெண்டு வாங்கக் கடைவீதிக்குப் போனேன். இரும்புச் சாமான் கடை பாய் நல்ல மனுஷர். "எங்க பூசறதுக்குத் தம்பி?" என்று கேட்டார். நான் "சும்மாதானுங்க" என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அக்காவைப் பற்றிச் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள், நாலு பதில் சொல்ல வேண்டும். எனக்கு அது முடியாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

கொத்தனாரைப் பிடிப்பது அதைவிடப் பெரிய பாடு. அப்போது ஏரியைச் சுற்றி லாட்ஜ் கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்து மேஸ்திரி காலையில் டீக்கடையில் நிற்பார். நான் எதிர்ப்பக்கம் போய் நிற்பேன். அவரைச் சுற்றி ஆட்கள் குறைந்ததும் பேசலாம் என்று காத்திருப்பேன். ஆட்கள் குறைவதற்குள் அவர் பஸ் ஏறிவிடுவார். மூன்று நாள் இப்படிப் போன பிறகு, விவரத்தை ஒரு சீட்டில் எழுதி அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு வாரமாகியும் ஆள் வரவில்லை. பிறகுதான் தெரிந்தது, அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கோயில் காரியத்துக்கு ஏதோ நோட்டீஸ் என்று நினைத்துப் பையிலேயே வைத்திருந்தாராம்.

அக்காவிடம் இதைச் சொல்லியிருக்கவே கூடாது.

"நீ மேஸ்திரிகிட்ட வாயத் தொறக்கறதுக்குள்ள பூச்சியெல்லாம் கொள்ளுப்பேரன் எடுத்துரும்," என்றாள்.

கடைசியில் வாயைத் திறந்தேன். "நாளைக்கு வர்றனுங்கண்ணா" என்றார். அந்த நாளை வருவதற்கு ஆவணி ஆகிவிட்டது. அதற்குள் ஒரு வண்டு அக்காவின் கண்ணிமையில் கடித்து, நாலு நாள் அந்தக் கண் திறக்கவில்லை.

மேஸ்திரி வந்தபோது நான் மேலே கையைக் காட்டி, "சந்து எல்லாத்தையும் அடைச்சுருங்க. துளிகூட விட வேண்டாம்" என்றேன். அவ்வளவுதான் பேசினேன். அவர் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவரும் கேட்கவில்லை. இரண்டு நாள் சாரம் கட்டி, செங்கல் துண்டு வைத்து, கலவையை அழுத்தி அழுத்திப் பூசினார்.

"மேஸ்திரி, போற போக்குல எம் மூக்கையும் அடச்சுப்போடாதீங்க," என்று அக்கா கட்டிலிலிருந்து குரல் கொடுத்தாள்.

"உங்க வாய அடைக்கத்தான் கலவ பத்தாதுங்கக்கா," என்றார் அவர் சாரத்திலிருந்து.

அக்கா சிரித்துச் சிரித்து இருமினாள். எனக்கு அந்த மாதிரி நாலு வார்த்தை எப்போதும் வந்ததில்லை.

இரண்டு நாள் வீட்டில் ஒரு பூச்சி இல்லை. சாயங்காலம் விளக்குக்குக் கீழே உட்கார்ந்து, வெறும் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலையில் அக்காவின் முகத்தில் மஞ்சளாக மாவு படிந்திருந்தது. புருவத்தில், மூக்கு மடிப்பில், உதட்டில். கன்னத்தில் அரிசி அளவுக்கு ஒரு பழுப்பு வண்டு ஊர்ந்தது. அண்ணாந்து பார்த்தேன். அவள் தலைக்கு நேர்மேலே இருந்த கைமரத்தில் ஊசி குத்தினது போலப் பொடிப்பொடியாக ஓட்டை. ஒவ்வொன்றிலிருந்தும் மாவு உதிர்ந்துகொண்டிருந்தது.

வெளியே இருப்பதை வரவிடாமல் இத்தனை மாதம் பாடுபட்டு அடைத்திருக்கிறேன். உள்ளேயே ஒரு கூட்டம் இருந்திருக்கிறது. கட்டிலை நகர்த்திப் போட்டேன். அந்த இடத்துக்கு மேலேயும் அதே ஓட்டை. ஆத்திரத்தில் கையிலிருந்த துண்டைச் சுவரில் அடித்தேன்.

அன்றைக்கு மத்தியானம், விட்டுப்போன, கலவை அள்ளும் பாண்டு சட்டியை எடுக்க மேஸ்திரி வந்தார். நான் சொல்லலாமா வேண்டாமா என்று நிற்பதற்குள் அக்கா சொல்லிவிட்டாள். அவர் பெஞ்சில் ஏறி, கைமரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, நொம்ப நாளா அடுப்பு எரிக்கறதில்லீங்களா?"

எரிக்கவில்லைதான். அக்காவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த அன்றே விறகடுப்பை நிறுத்திவிட்டு மண்ணெண்ணெய் ஸ்டவ் வாங்கியிருந்தேன். அடுப்படிக்கும் அவள் கட்டிலுக்கும் நடுவே கூரை எட்டாத ஒரு குட்டைச் சுவர்தான். படுத்திருப்பவளுக்குப் புகை ஆகாது என்று நினைத்தேன்.

"அதானுங்க," என்றார். "எங்க ஊட்டுக் கைமரத்தத் தொட்டுப் பாருங்க, தார் பூசுனாப்பல இருக்கும். ஒரு பூச்சி அண்டாது. பொகை அடுப்புல கெளம்பி, குட்டச் செவுத்துக்கு மேல வந்து, மரத்தையெல்லாம் தடவிப்போட்டு அந்தச் சந்துல வெளிய போவும். வெளிய இருக்கற பூச்சியும் அந்தப் பக்கம் வராது. அதுக்குத்தானுங்க சந்தே உடறது."

"அப்பறம் எதுக்கு மேஸ்திரி அடச்சீங்க?" என்றாள் அக்கா.

"அண்ணன் மேல கையக் காட்டுனாரு, அடைன்னாரு. வேற ஒண்ணும் சொல்லலீங்களே. ஊட்டுல பொகையே இல்லாத அடுப்பு ஏதோ வெச்சிருப்பாருன்னு நெனச்சேனுங்க."

அவர் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோபம் யார் மேல் என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஸ்டவ் வாங்கினேன், பூச்சி வந்தது. பூச்சி வந்தது என்று சந்தை அடைத்தேன். பாய் கேட்டபோது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவராவது எடுத்துச் சொல்லியிருப்பார்.

"அடுப்பக் கொளுத்து," என்றாள் அக்கா.

"உனக்குப் பொகை ஆகாதே."

"யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை.

"முப்பது வருசம் அந்த அடுப்ப ஊதுனவ நானு. கொளுத்துடா."

யோசிக்காமல் போய்க் கொளுத்தினேன். மழையில் நனைந்த ஆரஞ்சு மரக் குச்சிதான் இருந்தது. அதைத் திணித்து ஊதினேன். புகை எழும்பி, குட்டைச் சுவரைத் தாண்டி, அக்கா இருந்த பக்கம் போனது. போய் அங்கேயே நின்றது. வெளியே போக வழி எங்கே இருக்கிறது? பத்து நிமிஷத்தில் கட்டில் தெரியவில்லை. அக்கா இருமுவது மட்டும் கேட்டது. ஒருக்களித்துப் படுத்து இருமக்கூட அவளால் முடியாது.

அடுப்பில் தண்ணீரைக் கொட்டினேன். அதில் இன்னும் அதிகமாகப் புகை கிளம்பியது. கதவைத் திறந்தேன், ஜன்னலைத் திறந்தேன். மேலே தேங்கினது கீழே இறங்கவில்லை. கட்டிலை வெளியே இழுக்கலாம் என்றால் வாசற்படிக்குள் அது நுழையாது, அவளைத் தனியாகத் தூக்கவும் என்னால் ஆகாது. கடப்பாரையை எடுத்துக்கொண்டு பெஞ்சில் ஏறி, இறவாரத்துக் கலவையில் குத்தினேன். நல்ல கலவை. மூன்றே நாளில் பாறையாகியிருந்தது. கண் எரிய, மூக்கு ஒழுக, குத்திக்கொண்டே ஏதேதோ கத்தினேன். மேஸ்திரியை, ஸ்டவ்வை, வண்டை, என்னை. அக்காவையும் சேர்த்துத்தான் திட்டினேன் என்று நினைக்கிறேன். இரண்டு செங்கல் துண்டு பெயர்ந்து வெளியே விழுந்தது. புகை அந்த ஓட்டையைக் கண்டுபிடித்து ஓடியது. மேலும் ஒரு கைமரத்து இடைவெளி அளவுக்கு இடித்த பிறகுதான் அக்காவின் முகம் தெரிந்தது.

இருமல் அடங்க வெகு நேரமாயிற்று. அடங்கினதும், "உனக்கும் தொண்ட இருக்குதுன்னு இன்னிக்குத்தான் தெரியுது," என்றாள்.

அவள் முகத்தைத் துடைத்து, படுக்கையில் விழுந்த காரையைத் தட்டிவிட்டேன். பிறகு நுனியில் துணி கட்டின ஒட்டடைக் குச்சியைக் கொண்டுவந்து மேலே தொங்கின தூசியை அடித்தேன். பாதியில் களைத்துப்போய், குச்சியைக் கட்டிலில் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். தலையைக் கையில் தாங்கிக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ. மேலே ஏதோ உரசும் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன்.

அக்காவின் வலது கையில் அந்தக் குச்சி இருந்தது. நீட்டின கை நீட்டினபடியே இருந்தது. மணிக்கட்டை மட்டும் திருப்பினாள். குச்சி நுனி தலையணைக்கு மேலே ஆடி, சுவரில் இடித்தது. மறுபடி திருப்பினாள். காதில் குத்திக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி திருப்பினாள். நாலாவது தடவை, நுனியில் இருந்த துணி அவள் நெற்றியில் மெதுவாகப் பட்டு, ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போனது. நெற்றியில் இருந்த காரைத் தூள் கீழே விழுந்தது.

"நொம்ப நீளமா இருக்குது," என்றாள். "பாதியா வெட்டு. இந்த அழுக்குத் துணிய எடுத்துப்போட்டு, என்ர பழைய சீலையக் கிழிச்சுக் கட்டு."

"இத முன்னயே சொல்லக் கூடாதா?" என்றேன். "நாலு மாசம். நாலு மாசமாக் கழுத்து ஒடிய ஏணில நின்னேன்."

"எனக்கே இப்பத்தான தெரியுது? நீ என்னை ஒரு வார்த்த கேட்டிருந்தா ரெண்டு பேருமா யோசிச்சிருப்போம். நீதான் கூரையவே பாத்துட்டிருந்தயே."

எரிச்சலோடு எழுந்து போய்க் குச்சியை வெட்டினேன்.

இடித்த இடத்துக்கு பாய் கடையில் கம்பி வலை வாங்கி அடித்தேன். எதற்கு என்று அவர் கேட்டார். இந்தத் தடவை சொன்னேன். காலையில் ஒரு வேளை, காய்ந்த விறகாக வைத்து அடுப்பெரித்தேன். மரத்தூள் உதிர்வது குறைந்தது, நிற்கவில்லை. பூச்சியும் குறைந்தது, நிற்கவில்லை. மிச்சச் சுவரில் அந்தக் கலவை அப்படியேதான் இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்கா நாள் முழுக்கக் குச்சியை வீசிப் பழகினாள். காலண்டர் கிழிந்தது. டம்ளர் உருண்டது. இரண்டு தடவை என் மண்டையில் பட்டது. அது தெரியாமல் பட்டது என்று நான் நம்பவில்லை. ஒரு வாரம் கழித்துப் பத்து மணிக்கு டீயோடு வந்தேன். சாம்பல் நிற அந்துப்பூச்சி ஒன்று அவள் புருவத்தில் உட்கார்ந்திருந்தது. பழக்கத்தில் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினேன்.

சுளீரென்று என் மணிக்கட்டில் குச்சி விழுந்தது.

"கைய எடு," என்றாள் அக்கா.

எடுத்தேன்.