மதினி கிழித்து வைத்த துண்டு

என் மேசையில் ஓர் இங்கிலீஷ் புத்தகம் கிடக்கிறது. ஈரம் குடித்து ஊதிப்போன புத்தகம். அட்டையில் ஒரு மஞ்சள் சைக்கிள், அதன் கூடையில் ஒரு வாத்து, பின்னால் பூச்செடிகள் நிறைந்த ஒரு தெரு. பார்ப்பவர்கள் சின்னப் பிள்ளைகளின் கதை என்றுதான் நினைப்பார்கள். உள்ளே இரண்டு கொலை இருக்கிறது. கடைசி அத்தியாயம் தொடங்கும் பக்கத்தில் இரண்டு துண்டுக் காகிதங்கள். ஒன்று நாலாக மடித்தது, அதில் பென்சிலால் ஏதோ எழுதியிருப்பது வெளியிலிருந்தே தெரிகிறது. மற்றது வெறுங்காகிதம். இரண்டையும் கிழித்து வைத்தவர் என் மதினி, அதாவது அண்ணனின் மனைவி. அந்த வெறுங்காகிதம் எனக்கு உரியது. எட்டு வருஷமாக அது அங்கே இருந்திருக்கிறது என்பது போன மாதம்தான் எனக்குத் தெரிந்தது.

அப்போது நானும் மதினியும் ஒரே கெஸ்ட் ஹவுஸில் வேலை பார்த்தோம். ஊர்ப் பெயர் வேண்டாம். இலங்கை மலைநாட்டில், அப்புத்தளைக்கும் எல்லவுக்கும் நடுவில், ரயில் போகும் வழியில் எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் ரிசெப்ஷனில் இருந்தேன். மதினி அறைகளைத் துப்பரவு செய்வார். கலியாணத்துக்கு முன்னால் குவைத்தில் ஒரு வீட்டில் நாலு வருஷம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர் அவர். அந்தப் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகங்களைப் பார்த்தே இங்கிலீஷ் வாசிக்கப் பழகிவிட்டார். திரும்பி வந்து என் அண்ணனைக் கட்டிக்கொண்டபோது அவர் போட்ட ஒரே நிபந்தனை, கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்ட மாட்டேன் என்பது. அண்ணன் தேயிலை பெக்டரியில் வேலை செய்தார், சரி என்று சொல்லிவிட்டார். கொழுந்து பறிக்க மலைக்குப் போகாத மருமகளைத் தோட்டத்து லய வீடுகளில் யாருக்குத்தான் பிடிக்கும்? எங்கள் அம்மாவே கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கெஸ்ட் ஹவுஸில் வேலை கிடைத்த பிறகுதான் வாய்கள் அடங்கின.

வெள்ளைக்காரர்கள் வாசித்து முடித்த புத்தகங்களை விட்டுவிட்டுப் போவார்கள். அவற்றை அடுக்கி வைக்க ரிசெப்ஷனுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு இருந்தது. யாரோ ஒரு கிழவி இந்த வாத்துப் புத்தகங்களில் பதினொன்றைப் பையோடு விட்டுப் போனார். எல்லாம் ஒரே வரிசை. இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர், அதில் ஓய்வுபெற்ற ஒரு தபால்காரி, அவளிடம் ஒரு சைக்கிள், எங்கு போனாலும் கூட வரும் ஒரு வாத்து. ஊரில் யாராவது செத்துக்கொண்டே இருப்பார்கள். செத்தவனும் யாருக்கும் வேண்டாதவனாகத்தான் இருப்பான், ஆகவே யாரும் அழுவதில்லை. இரத்தம் கண்ணில் படாது. வாத்து எதையாவது கொத்தி இழுத்து வரும், அது துப்பாக இருக்கும். கடைசி அத்தியாயத்தில் தபால்காரி எல்லாரையும் ஒரு அறையில் கூட்டி உட்காரவைத்து, நடந்ததை முதலிலிருந்து சொல்லுவாள். குற்றவாளி மரியாதையாக ஒத்துக்கொள்வான்.

மதினிக்கு அந்தப் புத்தகங்கள் என்றால் உயிர். பிடித்ததால்தான் ஓயாமல் நக்கலடிப்பார். "இந்த ஊர்ல ஒருத்தரும் வேலைக்குப் போற மாதிரி தெரியலையே தம்பி. செத்தவன் மட்டுந்தான் சும்மா கெடக்கான்னு பாத்தா, மத்தவங்களும் அப்படித்தான்" என்பார். ஒரு கொலைக்கு எத்தனை தடவை தேத்தண்ணி குடிக்கிறார்கள் என்று எண்ணுவார். "எல்லாம் நம்ம தேயிலதான். பறிச்சவளுக்கு ஒரு நன்றி போடுறாங்களா பாருங்க." பொலிஸ்காரர் வீட்டுக்குள் வரும்போது காலில் போட்ட சப்பாத்தைத் துடைத்துவிட்டு வருகிறார், போகும்போது தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்கிறார் என்ற இடம் வந்தால் எனக்கும் வாசித்துக் காட்டிச் சிரிப்பார். கதையில் வேலைக்காரி வந்தால் மட்டும் கொஞ்சம் நிதானிப்பார். "மொதல்ல இவளத்தான் சந்தேகப்படுவாங்க. ஆறாவது அத்தியாயத்துல விட்டுருவாங்க" என்று எனக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவார். அப்படியேதான் நடக்கும்.

எங்களுக்குள் ஒரு முறை இருந்தது. புத்தகம் ஒன்றுதான் என்பதால் அவர் ஒரு பகுதி வாசித்துவிட்டு என்னிடம் தருவார். கடைசி அத்தியாயத்தை மட்டும் தனியாக வாசிக்கக் கூடாது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, குசினிக்குப் பின்னால் படுக்கை விரிப்புகள் காயும் இடத்தில் உட்காருவோம். அவர் ஒரு காகிதத்தை இரண்டாகக் கிழிப்பார். ஆளுக்கொரு துண்டில் குற்றவாளியின் பெயரை எழுதி மடித்து வைப்போம். பிறகு அவர் வாசிப்பார், நான் கேட்பேன். தோற்றவர் "நீங்க சொன்னதுதான் சரி" என்று வாயால் சொல்ல வேண்டும், தேத்தண்ணியும் ஊற்றித் தர வேண்டும். பத்துப் புத்தகத்தில் ஒன்பதுக்கு நான்தான் தேத்தண்ணி ஊற்றினேன். பதினோராவதைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோய் வாசியுங்கள் என்று எடுத்துக் கொடுத்திருந்தேன். அந்தக் கெஸ்ட் ஹவுஸிலிருந்து மதினி எடுத்துப்போன ஒரே பொருள் அதுதான், அதுவும் என் கையால் கொடுத்தது.

ஒரு மழை நாளில் வயதான ஒரு தம்பதி மலை ஏறிவிட்டு வந்தார்கள். காலெல்லாம் அட்டை. நான் உப்பும் சவர்க்காரமும் கொடுத்தேன். அந்த அம்மாள் வராந்தாப் படியில் உட்கார்ந்து காலையும் கையையும் தேய்த்துக் கழுவினார். கழற்றிப் போட்ட சப்பாத்துகள் ஊறிப்போய்க் கிடந்தன. மறுநாள் பகல் ரயிலுக்கு அவர்கள் கிளம்ப வேண்டும். முந்திய நாள் பேப்பரை எடுத்து மதினியிடம் நீட்டி, "மதினி, அந்தச் சப்பாத்துக்குள்ள பேப்பர் வச்சு அடைச்சு வைங்க, காலையில காஞ்சிரும்" என்றேன். எங்கள் மலையில் எல்லாரும் செய்வதுதான். அவரும் அடைத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

காலையில் அந்த அம்மாளின் மோதிரத்தைக் காணவில்லை. மெத்தையைப் புரட்டினோம், குளியலறைத் தண்ணீர்க் குழாயைக் கழற்றினோம். முதலாளிக்குச் சொன்னோம். அவர் பதுளையில் பரம்பரையாகக் கடை வைத்திருக்கும் குடும்பத்துத் தமிழர், வந்ததும் வராததுமாகப் பொலிசுக்குப் போன் பண்ணிவிட்டார். அந்த நேரத்தில் மதினி கூட்டுகிற தும்புத்தடியும் கையுமாக என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "தம்பி, அந்தம்மா சவுக்காரம் போட்டப்போ மோதிரத்தக் கழட்டியிருக்கும். பக்கத்துல வைக்க எடமில்ல, படியெல்லாம் தண்ணி. சப்பாத்துக்குள்ளதான் போட்டிருக்கும். நான் பாக்காம மேல பேப்பர வச்சு அடைச்சிட்டேன்."

மதினி சும்மா இருக்கத்தான் நினைத்தார். "நமக்கு எதுக்கு? நானே எடுத்துக் குடுத்தா எடுத்தவளே நான்தாம்பாங்க. செத்த நேரத்துல சப்பாத்தப் போடுவாங்க, தானா தெரிஞ்சிரும்" என்றார். எவ்வளவு சரியான யோசனை. ஒரு அரைமணி நேரம் பொறுத்திருந்தால் போதும். நான்தான் கேட்கவில்லை. "நீங்க கையால தொட வேணாம் மதினி, வாயால சொல்லுங்க. எல்லாரையும் கூப்பிடுறேன், அந்தத் தபால்காரி மாதிரி சொல்லுங்க" என்றேன். சொன்னதோடு நிற்காமல் முதலாளியையும் தம்பதியையும் முன்னறைக்குக் கூட்டி வந்தேன். என் மதினிக்கு எவ்வளவு மூளை என்று இந்த உலகம் பார்க்க வேண்டும் என்ற கொழுப்பு எனக்கு.

மதினி இங்கிலீஷில் சொன்னார். அட்டை, சவர்க்காரம், ஈரப்படி, சப்பாத்து என்று ஒவ்வொன்றாக. வெள்ளைக்காரர் பேப்பரை இழுத்துப் போட்டுவிட்டுச் சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டினார். மோதிரம் சிமெந்துத் தரையில் விழுந்து உருண்டது. அந்த அம்மாள் கைதட்டினார். அரை நிமிஷம், அவ்வளவுதான், நாங்கள் அந்தப் புத்தகத்துக்குள் இருந்தோம். பிறகு முதலாளி தமிழில் கேட்டார்.

"இந்தப் பேப்பர வச்சது யாரு?"

"நான்தான் சார்."

"ஒன்ன யாரு வைக்கச் சொன்னா?"

மதினி பதில் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை, தரையைப் பார்த்தபடி நின்றார். நான்தான் சொன்னேன் சார் என்று சொல்ல மூன்று வார்த்தை போதும். அதைச் சொன்னால் இரண்டு பேரும் கூட்டு என்பார், என் வேலையும் போகும் என்று எனக்குள் ஓடியது. நான் மேசையில் கிடந்த வருகைப் புத்தகத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "தோட்டத்து ஆளுகள வச்சா இதுதான். மறைச்சு வச்சிட்டு, மாட்டிக்குவோம்னு தெரிஞ்சதும் கத சொல்றது" என்றார் முதலாளி. அதற்குள் பொலிஸ் ஜீப் வந்துவிட்டது. தம்பதி முறைப்பாடு வேண்டாம் என்றார்கள், அவர்களுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. இருந்தாலும் விசாரிக்க வேண்டும் என்று மதினியை ஏற்றிக்கொண்டு போனார்கள். யாரும் சப்பாத்தைத் துடைக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

பின்னேரம் அண்ணன் போய்க் கூட்டி வந்தார். வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டால் போகலாம் என்றார்களாம். மதினி சிங்களம் பேசுவார், வாசிக்கத் தெரியாது. பத்து இங்கிலீஷ் புத்தகம் வாசித்தவர், தன்னைப் பற்றி எழுதிய ஒரு பக்கத்தை வாசிக்க முடியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அதில் என்ன இருந்தது என்று எங்களுக்கு இன்று வரை தெரியாது.

அவர் லயத்துக்கு வருவதற்கு முன்பே கதை வந்து சேர்ந்துவிட்டது. எங்கள் லயத்தில் பகலில் யாரும் கதவைப் பூட்டுவதில்லை. அதற்குப் பிறகு மதினி தண்ணிப் பீலிக்குப் போகும்போது இரண்டு மூன்று வீட்டில் கொண்டி போடும் சத்தம் கேட்கும். அம்மா என்னிடமே சொல்லியிருக்கிறார், கேட்கச் சகிக்காது என்று. மதினியின் வேலை அன்றோடு போய்விட்டது. வேறு கெஸ்ட் ஹவுஸ்களில் வேலை கேட்டுப் பார்த்தார், பெயர் அங்கேயும் போயிருந்தது. மூன்றாம் மாதம் மதினி கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் மற்ற பெண்களோடு நின்றார். நான் அந்த ரிசெப்ஷனில் இன்னும் இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தேன். பிறகு பதுளையில் ஒரு மருந்துக் கடைக்கு வந்துவிட்டேன். தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் வீட்டுக்குப் போனால் மதினி "சாப்பிட்டீங்களா தம்பி" என்று முன்பு மாதிரியேதான் கேட்பார். நான் தட்டைப் பார்த்துப் பதில் சொல்லுவேன். புத்தகத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கோழை என்று என்னை நானே திட்டிக்கொள்வதோடு சரி.

மூன்று மாதத்துக்கு முன், மதினியும் மற்ற பெண்களும் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது மரத்திலிருந்த குளவிக்கூடு கலைந்துவிட்டது. குளவி ஆறு பேரைக் கொட்டியது. ஐந்து பேர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தார்கள். சாவு வீட்டில் ஒரு அம்மா பக்கத்திலிருந்தவரிடம், "தங்கமான புள்ள, அந்த மோதிர விஷயம் ஒண்ணுதான்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அந்தப் புத்தகங்களில் ஒருவர் எப்படிச் செத்தார் என்று கேட்டு நிறுத்த மாட்டார்கள், அந்த நேரத்தில் அவர் ஏன் அந்த இடத்தில் இருந்தார் என்றும் கேட்பார்கள். மதினி ஏன் அந்த மலையில் இருந்தார் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. என்னைத் தவிர வேறு யாருக்கு அந்தக் கேள்வி வரும்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனைப் பார்க்கப் போனேன். அவர் மதினியின் பெட்டியைத் திறந்து இந்தப் புத்தகத்தை எடுத்து, "இது ஒனக்குள்ளதுன்னு சொல்லுவா" என்று கொடுத்தார். துண்டுகளைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. "அண்ணே, அன்னைக்குப் பேப்பர் வைக்கச் சொன்னது நான்தான்" என்றேன்.

"தெரியும்" என்றார் அண்ணன். "அன்னைக்கு பஸ்ஸுலயே சொன்னா. தம்பி பேரச் சொன்னா அவனுக்கும் வேலை போயிரும், அதான் வாயத் தொறக்கலன்னா."

"அப்ப நீங்க ஏண்ணே என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

"கேக்க வேணாம்னுட்டா. தம்பி தானா வந்து சொல்லும், பாருங்கன்னா. நானும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இறங்கி வரும் வழியில் பீலியடியில் நின்ற நாலைந்து பேரிடம் நடந்ததை முழுக்கச் சொன்னேன். அவர்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். "இப்ப எதுக்கு தம்பி அதெல்லாம்" என்றார் ஒருவர். குடம் நிறைந்ததும் போய்விட்டார்கள்.

நேற்று மடித்திருந்த துண்டைப் பிரித்தேன். தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பவர் என்று மதினி எழுதியிருந்தார். கடைசி அத்தியாயத்தைச் சத்தமாக வாசித்தேன். ஓர்கன் வாசிப்பவர்தான். எழுந்து தேத்தண்ணி ஊற்றி மேசையில் வைத்துவிட்டு, "நீங்க சொன்னதுதான் சரி மதினி" என்றேன். அன்று அந்த முன்னறையில் சொல்லியிருக்க வேண்டியதும் இதே வார்த்தைதான். எனக்குத் தெரிய மதினி பெரிதாகத் தப்புக் கணக்குப் போட்டது ஒரே ஒரு ஆளைப் பற்றித்தான். தம்பி தானா வந்து சொல்லும் என்று எட்டு வருஷம் இருந்தார். வெறுந்துண்டை எடுத்து, பேப்பரை வைக்கச் சொன்னது நான் என்று பென்சிலால் எழுதினேன். மடித்து, அவருடைய துண்டுக்குப் பக்கத்தில் வைத்துப் புத்தகத்தை மூடினேன்.