புயலைக் கூப்பிட்ட தம்பி

என் தம்பிக்குப் பனியில் சறுக்குவது வேலை. திருவொற்றியூரில் இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் அதற்கெல்லாமா சம்பளம் தருகிறார்கள் என்று கேட்பார்கள். எங்கள் அப்பா சிரிக்கவும் மாட்டார், கேட்கவும் மாட்டார். மகன் எங்கே என்று தெருவில் யாராவது விசாரித்தால், "வடக்க ஓட்டல்ல கீறான்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். ஓட்டல் என்றால் நாலு பேருக்குப் புரியும்.

தம்பி ஐடிஐயில் ஃபிட்டருக்குப் படித்தவன். துறைமுகத்தில் கிரேன் பராமரிப்புக்கு ஒப்பந்த ஆளாகப் போய்க்கொண்டிருந்தான். ஒப்பந்தம் முடிந்து வீட்டில் சும்மா கிடந்தபோது, இமயமலையில் ரோப் கார் கம்பி இழுக்கிற வேலைக்கு ஆள் வேண்டும் என்று ஒரு மேஸ்திரி வந்து கூட்டிப்போனார். கூடப் போனவர்கள் முதல் குளிரிலேயே விட்டால் போதும் என்று ஓடி வந்துவிட்டார்கள். இவன் மட்டும் வரவில்லை. அந்த ஊர்ப் பையன்களோடு சேர்ந்து சறுக்கப் பழகி, புதிதாக வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் அளவுக்குத் தேறிவிட்டான். கோடையில் ரோப் காருக்குக் கிரீஸ் போடுவான், குளிரில் சறுக்குவான். ஊருக்கு வரும்போதெல்லாம் ஃபோனில் வீடியோவைக் காட்டுவான். அப்பா ஓரக்கண்ணால் பார்த்து "செரி செரி" என்பார். தம்பி ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விடுவான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

அப்பா காசிமேட்டில் விசைப்படகு ஓட்டியவர். சர்க்கரை அவருடைய இடது கண்ணை முதலில் எடுத்துக்கொண்டது. வலது கண்ணுக்குள்ளும் ரத்தம் கசிகிறது, ஊசி போடுகிறோம், எத்தனை நாள் தாங்கும் என்று சொல்வதற்கில்லை என்று கண் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். தம்பியிடம் ஃபோனில் சொன்னேன்.

"அக்கா, அந்தக் கண்ணு போறதுக்குள்ள நைனாவ இங்க இட்டாந்துடு. நான் மேலேந்து எறங்கறத ஒரு தபா பாக்கட்டும். அது போதும் எனக்கு."

வரமாட்டேன் என்பார் என்றுதான் நினைத்தேன். "செரி, அப்டி இன்னாதான் கியிக்கறான்னு பாத்துட்டு வர்லாம்" என்று உடனே கிளம்பிவிட்டார். ஸ்வெட்டர் வாங்க வண்ணாரப்பேட்டைக்குப் போனோம். கடைக்கார பாய், "இன்னா நைனா, ஊட்டிக்கா?" என்று கேட்டதற்கு, "அத்த விட ஒசரம்" என்றார் அப்பா. அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் மிடுக்கு இருந்தது. நான் கவனித்தேன்.

ரயில், பஸ், ஜீப் என்று மாறி மாறிப் போய்ச் சேர்ந்தால், மலை முழுக்க மண். பனி என்ற பேச்சுக்கே இடமில்லை. சறுக்குகிற சரிவு, லாரி போய்ப் போய்த் தேய்ந்த எண்ணூர் ரோட்டோரம் மாதிரி பழுப்பாகக் கிடந்தது. ரோப் கார் தூண் நிழலில் மட்டும் அழுக்கான பனித்திட்டு ஒன்று மிச்சம். வாடகை கம்பூட்ஸ் போட்டுக்கொண்டு சுற்றுலா வந்தவர்கள் அதன் மேல் வரிசையில் நின்று ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். சறுக்குக் கட்டைகள் கொட்டகையில் அடுக்கியபடியே இருந்தன. தம்பியோடு வேலை செய்கிறவர்கள் வெயிலில் உட்கார்ந்து கேரம் ஆடினார்கள்.

"இன்னாடா, எல்லாம் மண்ணாக் கீது?" என்றார் அப்பா.

"இந்த வர்சம் இன்னும் வர்ல நைனா. பனிப்புயலு வந்துகினே கீதுன்னு சொல்றாங்கோ. வந்துட்டா நீயே பாப்பே."

அப்பா தலையாட்டினார். புயல் என்ற சொல் அவர் காதில் விழுந்ததும் அவர் தோள் ஒரு முறை அசைந்தது. அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என்னைச் சொல்லி என்ன, எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம் காத்திருந்தோம். விடிந்தால் நீல வானம், சுள்ளென்று வெயில். நம் ஊரில் அப்படி ஒரு வானம் இருந்தால் கருவாடு காயப்போடுவார்கள், படகுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். அங்கே எல்லோரும் அண்ணாந்து பார்த்துவிட்டு, எழவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்துவிடுவார்கள். டீக்கடைக்காரர் பால் வாங்குவதையே குறைத்துவிட்டார். அறை பிடித்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் காலி செய்துகொண்டு போனார்கள். தம்பி ராத்திரியெல்லாம் ஃபோனில் வானிலை வரைபடத்தைப் பார்ப்பான், காலையில் கண் சிவந்து வருவான். அப்பா ஒருவர்தான் நிம்மதியாக இருந்தார். "நல்லா கீது வானம்" என்பார். அதைக் கேட்டுத் தம்பி பல்லைக் கடிப்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அப்பா டீ டம்ளரை வாங்கக் கை நீட்டினால் பாதி நேரம் கை டம்ளருக்குப் பக்கத்தில்தான் போகும்.

ஒரு நாள் தம்பி பொறுக்க முடியாமல், மரநிழல்களில் மிச்சமிருந்த பனியை எல்லாம் சாக்கில் அள்ளிக்கொண்டு வந்து சரிவில் கொட்டி மண்வெட்டியால் தட்டினான். கேரம் ஆடியவர்களும் வந்து கை கொடுத்தார்கள். மதியத்துக்குள் ஒரு பாய் விரித்த அகலத்துக்குப் பனிப் பாதை ஒன்று தயாரானது. அப்பாவை எதிரே ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, ஆரஞ்சு சட்டை, தலைக்கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு மேலே ஏறிப் போனான். நான்கு மூச்சு விடுவதற்குள் பாதி தூரம் வந்துவிட்டான். கட்டை கல்லில் மாட்டி வழியிலேயே கறகறவென்று நின்றது.

அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். "இவ்ளோதானா?" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். கிண்டல் செய்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது.

"இல்ல நைனா. இது ஒண்ணுமே இல்ல" என்றான் தம்பி. கட்டையைக் கழற்றி அதன் அடியில் விழுந்த கீறலை விரலால் தடவிக்கொண்டே கொட்டகைக்குப் போய்விட்டான். அன்று அவன் சாப்பிட வரவில்லை.

அதற்கு மறுநாள் மதியம்தான் எச்சரிக்கை வந்தது. பெரிய பனிப்புயல், நாளை ராத்திரி தொடங்கும், மலைப்பாதை மூடப்படலாம். கொட்டகையில் ஒரே கூச்சல். கேரம் போர்டைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆடினார்கள். டீக்கடைக்காரர் எல்லோருக்கும் இனாமாக டீ ஊற்றினார். தம்பி ஓடிவந்து அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"வந்துச்சு நைனா! வரட்டும், நல்லா போட்டுத் தாக்கட்டும்! ரெண்டே நாளு, மலையே வெள்ளையாப் பூடும். நீ பாக்கப் போறே!"

அப்பா கையை உதறினார்.

"பொயல வான்னு கூப்புடுவானாடா ஒரு மன்சன்?"

எங்கள் தெருவில் யாரும் அப்படிக் கூப்பிடமாட்டார்கள். விளையாட்டுக்குக்கூடச் சொல்லமாட்டார்கள். சின்ன வயதில் நான் ஒரு முறை, புயல் வந்தால் பள்ளிக்கூடம் லீவு என்று குதித்ததற்கு அம்மா வாயிலேயே அடித்தாள். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறிவிட்டால் பேச்சே குறைந்துவிடும். படகைக் கரைக்குக் கொண்டுவந்து கட்டு, இஞ்சினைக் கழற்று, வீட்டுக்குப் போ, அவ்வளவுதான். என் சித்தப்பா அப்படிக் கட்டாமல் ஒரு வலை மட்டும் இழுத்துவிட்டு வருகிறேன் என்று போனவர். படகின் பலகைகள்தான் காத்திவாக்கம் பக்கம் ஒதுங்கின. தம்பிக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் இத்தனை வருஷம் பனியிலேயே இருந்ததில் அவனுக்குப் புயல் என்பது வேறு பொருளாகிவிட்டது. இரண்டு பேருமே சொல்வது எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன பிரயோஜனம்?

அப்பா அறைக்குப் போய்ப் பையை எடுத்து வைத்தார். "எறங்கு. அவனையும் கூப்புடு."

"அவன் எப்டி நைனா வருவான்? அவன் வேலையே இப்பதான் ஆரம்பிக்குது. ரெண்டு நாளு இரு. இதுக்குத்தான வந்தோம்?"

"நான் எறங்குனா அவன் எறங்குவான்."

அப்போதுதான் அவர் மனதில் இருந்தது எனக்கு விளங்கியது. கடலில் கூட்டமாக மீன் பிடிக்கும்போது வானம் கெட்டால், வயதில் மூத்தவர் யாரோ அவர் முதலில் படகைக் கரைப்பக்கம் திருப்புவார். வாயால் எதுவும் சொல்லமாட்டார். அவர் திரும்பியதைப் பார்த்ததும் மற்ற படகுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் வந்துவிடும். அப்பா ஆயுசு முழுக்க அப்படித் திருப்பியவர். ஒரு படகும் அவர் பின்னால் வராமல் இருந்ததில்லை.

நான் கத்தினேன். இது கடல் இல்லை என்றேன். அவன் இங்கே ஓட்டலில் தட்டு கழுவவில்லை, இதுதான் அவனுக்குப் பிழைப்பு என்றேன். உனக்குக் கண் இருக்கிறபோதே பார்த்துவிடு என்றும் சொன்னேன். அது மட்டும் சொல்லியிருக்க வேண்டாம். அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு தடவித் தடவிப் படி இறங்கத் தொடங்கிவிட்டார். கண் சரியாகத் தெரியாதவரைத் தனியாக விட முடியுமா? திட்டிக்கொண்டே நானும் இறங்கினேன்.

ஜீப் நிற்கிற இடத்துக்குத் தம்பி வந்தான். கெஞ்சினான். அப்பா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "ஏறு." தம்பி ஏறவில்லை. எங்களுக்கு எதிரே மேல்நோக்கி ஏறிக்கொண்டிருந்த வண்டிகளில் எல்லாம் சறுக்குக் கட்டைகளும் சிரித்த முகங்களும்தான். கீழே போனது நாங்கள் மட்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் அப்பா ஒரு கண்ணால் பின்னால் பார்த்தார். அடிவாரத்து பஸ் நிலையத்தில் கிளம்பத் தயாராக நின்ற பஸ்ஸை விட்டுவிடச் சொன்னார். "அடுத்த ஜீப்புல வருவான்." அடுத்த ஜீப்பும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. இருட்டியதும் அவரே எழுந்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். எனக்கு அவர் மேலிருந்த கோபமெல்லாம் அந்த இடத்தில் போய்விட்டது.

நாங்கள் ரயிலில் வரும்போது மேலே பனி கொட்டியது. கரண்ட் போய், டவர் போய், தம்பியிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அப்பா ஊர் வந்து சேர்கிற வரைக்கும் தூங்கவில்லை. வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில், "லைட்ட போடு" என்றார். வெயில் வாசல் வரை வந்திருந்தது. வலது கண்ணுக்குள் ரத்தம் பெரிதாகக் கசிந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வெளிச்சம், நிழல் தவிர வேறெதுவும் தெரியவில்லை. ஆபரேஷன் செய்தாலும் உறுதி இல்லை என்றார்கள்.

"அவனாண்ட சொல்லாத" என்றார் அப்பா. "இப்பதான் பனி வந்துகீது. வேலைய வுட்டுட்டு ஓடியாந்துடுவான்."

டவர் வந்ததும் தம்பி வீடியோ அனுப்பினான். ஜன்னலுக்கு வெளியே கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. கதவைச் சாத்திவிட்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தேன். மலை முழுக்க வெள்ளை நைனா, ஒரு கல்லுகூடத் தெரியல. ஆரஞ்சு சட்டை போட்டுகினு உச்சில நிக்கறான். கிளம்பிட்டான். வளைஞ்சு வளைஞ்சு வரான், பனி பின்னாடி தூளாப் பறக்குது. அப்பா முகம் அப்படியே விரிந்தது. கடைசியில், கேமரா பக்கத்தில் வந்து தம்பி குப்புற விழுந்து உருண்டான். அதை நான் சொல்லவில்லை. விழுந்தான் என்று கேட்டால் அன்று அவர் சோற்றைத் தொடமாட்டார். வந்து நின்னுட்டான் நைனா என்றேன்.

சாயங்காலம் தம்பி கூப்பிட்டான். அப்பா ஃபோனை என்னிடமிருந்து வாங்கி ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"நைனா, பாத்தியா?"

"பாத்தேன்டா. இன்னாமா வர்றே! பனி தூளாப் பறக்குது. நான்கூட என்னுமோன்னு நெனச்சேன்."

தம்பி சிரித்தான். அவன் அப்படிச் சிரித்துக் கேட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது. "கடைசில குப்புற வுயுந்தேனே, அத்த பாத்துச் சிரிச்சியா?"

நான் அப்பாவின் கையைப் பிடித்து அழுத்தினேன். அவர் கவனிக்கவில்லை.

"எங்கடா வுயுந்தே? நேரா வந்து நின்னியே."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. பிறகு தம்பி மெதுவாக, "அக்கா பக்கத்துல கீதா நைனா? ஃபோன அதாண்ட குடு" என்றான்.

அப்பா என்னிடம் தரவில்லை. ஃபோனை இரண்டு கையாலும் வாயருகே கொண்டுபோனார்.

"நீ எறங்காத. அங்கியே இரு" என்றார்.