மஞ்சளில் ஏற்றிய நீலம்

பக்கத்து வீட்டுப் பெண் வராந்தாவில் உட்கார்ந்து நகச்சாயத்தை அழித்துக்கொண்டிருந்தாள். எங்கள் டெலானிபூரின் கடற்காற்று அந்த வாடையைக் கொண்டுவந்து என் காப்பியில் போட்டது. ஃபிலிம் துண்டுகளை ஒட்டும் பசைக்கும் ஏறக்குறைய இதே வாடைதான். எழுபதுகளில் சென்னையில் சினிமா படித்தபோது அது என் விரல்களை விட்டுப் போனதே இல்லை. ஏதோ சந்தனம் பூசியவன்போல முகர்ந்துகொண்டு திரிந்தேன்.

தாடி, ஜோல்னாப் பை, யாரையும் மதிக்காத பார்வை. படத்தில் யாராவது பட்டினி கிடக்காவிட்டால் எங்கள் கூட்டத்துக்கு அது கலையே இல்லை. பட்டினி கிடந்தவன் எங்களில் ஒருவனும் இல்லை என்பது வேறு விஷயம். என் அப்பா இங்கே தீவில் சர்க்கார் குமாஸ்தா. குவார்ட்டர்ஸில் இரண்டு வேளையும் மீன்.

கடைசி வருடத் தேர்வுப் படத்துக்காக இங்கிருந்து படகேறி லாங் ஐலண்ட் என்ற தீவுக்குப் போனேன். அங்கே மரம் அறுக்கும் வேலையில் இருந்த சின்னையா அண்ணன் அப்பாவின் ஊர்க்காரர். படம் எடுக்கிறேன் என்றதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“தம்பி, மெட்ராஸ்ல காட்டுவீங்கல்ல? எங்க அக்காவ வந்து பாக்கச் சொல்றேன். அவ மகனுக்குத்தான் நம்ம மக பவளத்தப் பேசியிருக்கு. கடல் தாண்டிக் காலாபானியில போயிப் பொண்ணெடுக்கிறதான்னு மச்சான் முறுக்கிக்கிட்டு நிக்கிறாரு. நாம இங்க மஜாவா இருக்கோம்னு கண்ணால பாத்துட்டா தீந்துச்சு.”

“கண்டிப்பாண்ணே” என்றேன். 

மறுநாள் காலை பவளம் மஞ்சள் பட்டுடுத்தி படகுத்துறையில் வந்து நின்றாள். அவர்கள் வீட்டுக்கு அடுத்த வங்காளிப் பெண், “ஹீரோயின் ஆ கயீ!” என்று, கதாநாயகியே வந்துவிட்டதாக இந்தியில் கத்தினாள். “சுப் கரோடி, சும்மா இரு” என்று பவளம் சிரித்தாள். வாய்விட்டு, தோள் குலுங்க, பதினோரு விநாடிச் சிரிப்பு.

சென்னை திரும்பி எடிட்டிங் மேசையில் அதைத்தான் முதலில் வெட்டினேன். வேறொரு நாள் படகிலிருந்து இறங்கியபோது சேறு அப்பிய அவள் பாதங்களை அந்த இடத்தில் ஒட்டினேன். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிய சின்னையா அண்ணனின் முகத்தை அடுத்து வைத்ததும், மனிதர் அழப்போகிறவர்போல ஆகிவிட்டார். என் மேதைமையை நினைத்து அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மிச்சமிருந்தது அந்த மஞ்சள். லேப்பில் நிறம் திருத்துகிறவரிடம், “நீலத்த ஏத்துங்க சார், வெளிச்சத்த இறக்குங்க” என்றேன்.

“சேல சாம்பலாப் போயிடும்பா. பொண்ணு சீக்காளி மாதிரி தெரியும். கல்யாணக் களையோட இருக்காளே!”

“அதான் சார் பிரச்சினை. உண்மையா இருக்கணும்.”

உண்மையாம்! அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, சொன்னதைச் செய்தார்.

திரையிட்ட அன்று அக்கா குடும்பம் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தது. தொடக்கக் காட்சி முடிவதற்குள் மச்சான் எழுந்துவிட்டார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவர் பின்னாலேயே வெளியே போனார். வாசல்வரை ஓடி, “அது பொய், நான் செய்தது” என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. என்னோடு நின்று பார்த்த ஆசிரியர், “என்ன சோகம்டா!” என்று என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். கையை விடுவித்துக்கொள்ள மனமில்லாமல் நின்றேன்.

ஒரு மாதம் கழித்துச் சின்னையா அண்ணனிடமிருந்து இன்லண்ட் கடிதம் வந்தது. திட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். “அக்கா வேண்டாம் என்று எழுதிவிட்டது. நீங்கள் வந்தபோது நாங்கள் அப்படியா இருந்தோம் தம்பி?” என்று மட்டும் கேட்டிருந்தார்.

நான் பதில் போடவில்லை. முதலில் திமிர், பிறகு வெட்கம். பல வருடம் கழித்து லாங் ஐலண்ட் போனபோது அந்த வரிசை வீடுகள் இருந்த இடத்தில் இடுப்பளவு புல். குடும்பம் மெயின்லேண்ட் போய்விட்டதாம். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. படச்சுருளும் எப்போதோ மக்கிப்போயிற்று. அது தொலைந்ததில் எனக்கு வருத்தமில்லை. வெட்டியெறிந்து குப்பையோடு போன அந்தப் பதினோரு விநாடிச் சிரிப்புதான் சின்னையா அண்ணன் கேட்டதற்கு நேரான பதில்.