ஐந்தாம் நம்பர் மெஷினின் கார்புரேட்டர்

எங்கள் குழுவில் என்னை டாக்டர் என்று கூப்பிடுவார்கள். மரம் வெட்டும் கூட்டத்தில் டாக்டருக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். புல்வெட்டி, தண்ணீர் பம்பு, லோரியின் ஹார்ன் என்று எது மக்கர் செய்தாலும் முதலில் என்னிடம்தான் வரும். நாலு தட்டு தட்டி, இரண்டு திருகு திருகினால் பாதிக்குப் பாதி ஓடிவிடும். ஓடாத மீதிப் பாதியைப் பற்றி நானும் பேசுவதில்லை, மற்றவர்களும் மரியாதைக்குக் கேட்பதில்லை. இருபது வருடமாக அந்தப் பட்டத்தை இப்படித்தான் காப்பாற்றிவந்தேன். அதைக் காப்பாற்றுவதற்காக நான் செய்த கேவலமான காரியம் ஒன்று உண்டு. என் மனைவிக்குக்கூட அதை முழுதாகச் சொன்னதில்லை.

எங்கள் முதலாளி மெஷின்களை வைத்திருக்கும் ஸ்டோர் கிள்ளான் பக்கம் பண்டமாரானில் இருக்கிறது. சாலையோர மரங்களைக் கழிப்பது, அடுக்குமாடி வீடுகளுக்குப் பக்கத்தில் சாய்ந்த மரங்களை அறுத்து அகற்றுவது, இதுதான் எங்கள் தொழில். மரம் அறுக்க ஆறு செயின்சோ வைத்திருந்தோம். ஆறும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். வித்தியாசம் தெரிய வேண்டும் என்று வெள்ளைப் பெயிண்டில் நம்பர் போட்டிருந்தோம். மூன்றாம் நம்பர் என்னுடையது. ஐந்தாம் நம்பர் புதுக்கோட்டையிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்த ஒருவருடையது. எல்லாரும் அவரைப் புதுக்கோட்டைக்காரர் என்றே சொல்வோம். நாற்பது வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார். மாலையில் மெஷினைத் துடைக்காமல் கீழே வைக்கமாட்டார். இது நடந்தபோது, இன்னும் இரண்டு மாதத்தில் அவருடைய பெர்மிட்டைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. மகள் அப்போதுதான் நர்சிங் படிப்பில் சேர்ந்திருந்தாள். அவள் படித்து முடிக்கும்வரை இங்கே இருந்தாக வேண்டும் என்று லோரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு மூன்று தடவை சொல்லியிருக்கிறார். அதனால் எனக்குத் தெரியாது என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

அந்தச் சமயத்தில் என் மூன்றாம் நம்பருக்கு ஒரு நோய் வந்தது. இழுத்தால் ஸ்டார்ட் ஆகும், நன்றாக உறுமும், மரத்தில் வைத்ததும் அணைந்துவிடும். பிளக்கை மாற்றினேன். ஃபில்டரைக் கழுவினேன். பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினேன். "நாளைக்குப் பாருங்க" என்று மூன்று நாள் தொடர்ந்து சொன்னேன். நான்காவது நாள் லோரி ஓட்டுநர், பேஷன்ட் இன்னும் ஐசியுவிலா என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். கிள்ளானில் ரிப்பேர் கடை இருக்கிறது, கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். டாக்டர் தன் மெஷினைத் தூக்கிக்கொண்டு இன்னொருவன் கடை வாசலில் நிற்பதா என்ற வீறாப்பு விடவில்லை.

சனிக்கிழமை காலை எல்லாரும் எதிர்க்கடைக்கு ரொட்டி சானாய் சாப்பிடப் போனார்கள். எனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லி ஸ்டோரிலேயே இருந்துகொண்டேன். மூன்றையும் ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கோளாறு கார்புரேட்டரில்தான் என்பது வரைக்கும் எனக்குப் புரிந்திருந்தது, அதை எப்படிச் சரிசெய்வது என்பதுதான் புரியவில்லை. ஒரே மாடல் என்பதால் இதில் இருப்பது அதில் உட்காரும். மேல்மூடியைக் கழற்றி, இரண்டு நட்டை எடுத்து, பெட்ரோல் குழாயை உருவினால் கார்புரேட்டர் கையில் வந்துவிடும். கால் மணி நேரத்தில் அவருடையதை எனக்கும் என்னுடையதை அவருக்கும் மாற்றிவிட்டேன். ஒரு நாள் இரவல்தான், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சரிசெய்து திரும்ப மாட்டிவிடலாம் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை தூங்கினேன்.

சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் முன்னால் மூன்றாம் நம்பரை ஸ்டார்ட் செய்து ஒரு கட்டையை வெண்ணெய் மாதிரி அறுத்துக் காட்டினேன். கைதட்டினார்கள். புதுக்கோட்டைக்காரரும் கைதட்டினார்.

திங்கட்கிழமை கம்போங் மேடானில் வேலை. முந்தின நாள் காற்றில் பெரிய மரம் ஒன்று பிளந்து, அடுக்குமாடி வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் இரண்டு கார்கள்மேல் விழுந்திருந்தது. குடியிருப்பவர்கள் எல்லாரும் இறங்கி வந்து நின்றார்கள். முதலாளியே நேரில் வந்துவிட்டார். நான் ஒரு முனையில் அறுக்க ஆரம்பித்தேன், புதுக்கோட்டைக்காரர் மறுமுனையில். அவருடைய மெஷின் மரத்தில் வைத்ததும் அணைந்தது. இழுத்தார், ஓடியது, மறுபடி அணைந்தது. சட்டை நனைய நனைய இழுத்துக்கொண்டிருந்தார். அத்தனை பேர் முன்னாலும் முதலாளி கத்தினார். இந்த மெஷினுக்குப் பெட்ரோலில் அளவாக எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும், அதுகூடத் தெரியாதா என்று கேட்டார். சரியாகத்தான் கலந்தேன் என்று அவர் மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "டாக்டர், நீ பாத்துச் சொல்லு. மெஷின் கோளாறா, ஆள் கோளாறா?"

நான் ஐந்தாம் நம்பரைத் தூக்கிப் பார்த்தேன். குலுக்கினேன். மூடியைத் திறந்து பெட்ரோலை முகர்ந்தேன். இத்தனை நாடகமும் எதற்கு என்று இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. அதன் பிறகு வாய் கூசாமல் சொன்னேன்.

"எண்ணெய் கொஞ்சம் கூடிப்போச்சு போல, பாஸ்."

புதுக்கோட்டைக்காரர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. நான் சொன்னால் அப்படித்தான் இருக்கும் என்று யோசிக்கிற முகம். "அப்படியாண்ணே" என்றார், அவ்வளவுதான். அன்றிலிருந்து அவரைக் கிளைகளை இழுத்து லோரியில் ஏற்றும் வேலைக்குப் போட்டார்கள். ஐந்தாம் நம்பர் ஸ்டோர் அலமாரியில் துணி போர்த்திக் கிடந்தது. அடுத்த வாரம் லோரி ஓட்டுநர் என்னிடம் சொன்னார், முதலாளி அவருடைய பெர்மிட்டைப் புதுப்பிக்கப் போவதில்லையாம், மெஷின் பிடிக்கத் தெரிந்த வேறு ஆளைப் பார்க்கிறாராம். நான் ஓ என்று மட்டும் சொன்னேன்.

சில நாள் கழித்து ஃபில்டரைச் சுத்தம் செய்ய என் மெஷினைத் திறந்தேன். கார்புரேட்டரில் பொறித்திருந்த எழுத்துகளின் பள்ளத்தில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. துரு என்று நினைத்து நகத்தால் கீறினேன். குங்குமம். ஆயுத பூஜை அன்று நாங்கள் எல்லாரும் மெஷினின் வெளிமூடியில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு வடை சாப்பிடப் போய்விட்டோம். அவர் மட்டும் மூடியைத் திறந்து உள்ளேயும் பொட்டு வைத்திருக்கிறார். அவசரத்தில் மாற்றியபோது நான் அதைக் கவனிக்கவில்லை. அப்போதாவது எழுந்துபோய் உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. நான் செய்தது வேறு. பழைய பல் துலக்கும் பிரஷைப் பெட்ரோலில் தோய்த்து, அந்தப் பொட்டைச் சுவடு தெரியாமல் தேய்த்து எடுத்தேன்.

பிறகு ஒரு நாள் மத்தியானம் ஸ்டோரில் நானும் அவரும் மட்டும் இருந்தோம். நான் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்தபோது, அவர் அலமாரியிலிருந்து ஐந்தாம் நம்பரை எடுத்தார். மூடியைத் திறந்து, தான் வைத்த பொட்டைத் தேடுவதுபோல உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கார்புரேட்டரைக் கழற்றி, அதற்குள்ளிருந்து சுண்டுவிரல் நகம் அளவுள்ள ஒரு சல்லடையை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், ஊதினார், பெட்ரோலில் அலசித் திரும்ப வைத்தார். இரண்டாவது இழுப்பில் மெஷின் ஸ்டார்ட் ஆனது. ஒரு கட்டையில் வைத்தார். நிற்காமல் அறுத்தது. அணைத்துவிட்டு, கொண்டுவந்து என் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இதுக்குள்ள இருக்குற கார்புரேட்டர் உங்களோடதுண்ணே. சல்லடையில தூசி அடைச்சிருந்துச்சு, வேற ஒண்ணுமில்ல. கேட்டிருந்தீங்கன்னா அன்னைக்கே பண்ணிக் குடுத்திருப்பேனே."

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். ஊரில் அவர் பத்து வருடம் பம்புசெட் ரிப்பேர் செய்தவர் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மூன்று வருடம் ஒரே லோரியில் போய்வந்தும், ஊரில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. டாக்டர் நான் ஒருவன் இருக்கும்போது மற்றவனுக்கு என்ன தெரிந்துவிடப் போகிறது என்ற எண்ணம்தான். நான் பொட்டலத்தை அப்படியே மடித்துவிட்டேன். அவர் போய்க் குழாயில் கை கழுவிக்கொண்டு கிளை இழுக்கப் போய்விட்டார்.

அன்று மாலையே நான் முதலாளியிடம் போயிருக்க வேண்டும். பெர்மிட்டுக்கு எழுதிப்போட அப்போது நேரம் இருந்தது. ஒரு நாள் முதலாளி கோபமாக இருந்தார், போகவில்லை. ஒரு நாள் நல்ல மனநிலையில் இருந்தார், அதைக் கெடுப்பானேன் என்று போகவில்லை. ஒரு நாள் மழை. இப்படியே இரண்டு வாரத்தை ஓட்டினேன். அவருக்கு ஊருக்குத் திரும்ப டிக்கெட் போட்டார்கள். அதற்கப்புறமும் ஒரு வாரம் கழித்து, அவர் கிளம்ப ஒரு நாள் இருக்கும்போதுதான் எனக்குத் தைரியம் வந்தது. இனிமேல் சொன்னாலும் ஒன்றும் மாறாது என்று தெரிந்த பிறகு வந்த தைரியம் அது.

நான் சொல்லச் சொல்ல முதலாளி ஃபோனிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டார். முழுதும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இப்ப வந்து சொன்னா நான் என்ன பண்றது லா? டிக்கெட் போட்டாச்சு, புது ஆளும் வந்தாச்சு." என்னைத் திட்டவில்லை. மறுநாள் போர்ட் கிள்ளானில் வேலை இருக்கிறது, செயினைத் தீட்டி வை என்று மட்டும் சொன்னார். வெளியே வந்ததும் எனக்குப் பெருமூச்சு வந்தது. வேலை போகவில்லை, யாரும் கத்தவில்லை என்ற நிம்மதி. நான் செய்த எல்லாவற்றிலும் அந்தப் பெருமூச்சை நினைத்துத்தான் அதிகம் வெட்கப்படுகிறேன்.

மறுநாள் காலை, வேலைக்குப் போகுமுன் பெர்மிட் ஆட்கள் தங்கியிருந்த கொங்சிக் கொட்டகைக்குப் போனேன். அட்டைப்பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எப்போதும்போல வாங்கண்ணே என்றார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றேன்.

"தம்பி, பாஸ்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

கட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். அவர் முகம் பளிச்சென்று ஆனது. மூன்று வருடத்தில் அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. கயிற்றைக்கூடக் கீழே விட்டுவிட்டார்.

"எப்பண்ணே சொன்னீங்க?"

"நேத்து."

அவர் முகம் பழையபடி ஆனது. பிறகு குனிந்து கயிற்றை எடுத்தார். முடிச்சு நழுவாமல் இருக்க அந்த முனையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்துக்கொண்டேன்.