கஞ்சியில் கழன்ற முகம்

எங்கள் வீட்டில் கஞ்சி படாத துணி கிடையாது. அப்பாவுக்கு அருப்புக்கோட்டையில் வேட்டி, துண்டு வியாபாரம். கடைக்காரன் வேட்டியே தொய்ந்து கிடந்தால் அவன் சரக்கை எவன் நம்புவான் என்பது அவர் கட்சி. அதனால் அவருடைய வேட்டி, சட்டை மட்டுமல்ல, தலையணை உறை, என் பள்ளிக்கூடப் பாவாடை எல்லாமே சோறு வடித்த கஞ்சியில் முங்கி எழுந்து, வெயிலில் அப்பளமாய்க் காய்ந்த பிறகுதான் வீட்டுக்குள் வரும். அந்தப் பாவாடையைக் கட்டிக்கொண்டு நான் உட்கார்ந்தால், அது உட்காராமல் எனக்கு முன்னால் எழுந்து நிற்கும். கஞ்சி போடுகிற வேலை முழுவதும் அத்தையுடையது. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. பெற்றவர்கள் சீக்கிரம் போய்விட்டதால் அவளுக்கு அண்ணன் வீடுதான் வீடு.

நான் போட்டோவுக்குக் கஞ்சி போட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறவர்கள், இதையும் கொஞ்சம் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அது எழுபதுகளின் ஆரம்பம். அம்மாவின் அண்ணன் கப்பலில் வேலை பார்த்தார். கப்பல் தூத்துக்குடிக்கு வந்தால் எங்கள் வீட்டுக்கும் ஒரு எட்டு வந்து போவார். மாமாவுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகளும் இருந்தார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவரையும் அத்தையையும் வைத்து நீங்களாக ஒரு கதை கட்டிவிடுவீர்கள். அந்தத் தடவை அவர் கொண்டுவந்தது ஒரு கேமரா. திறந்தால் துருத்தி போல மூக்கு நீளும். அமுக்கிவிட்டு, பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் தாளைச் சர்ரென்று இழுப்பார். இழுத்ததைத் தண்ணீர்ப் பானையின் நிழலில் வைத்துக்கொண்டு, உதட்டுக்குள் எண்ணுவார். நான் அதை மந்திரம் என்று நினைத்தேன். எண்ணி முடித்ததும் ஒட்டியிருக்கும் இரண்டு தாளையும் பிரிப்பார். ஒன்றில் நாம் கலரில் நிற்போம். இன்னொன்று கறுப்பாகப் பிசுபிசுவென்றிருக்கும். “அதத் தொட்றாத, கை பொத்துப்போகும்” என்று சொல்லிக் குப்பைக்குழியில் போட்டு மண்ணைத் தள்ளிவிடுவார்.

ஊரில் ஸ்டுடியோவில் படம் எடுத்தால், வாங்குவதற்குள் செருப்புத் தேய்ந்துவிடும். அதுவும் கறுப்பு வெள்ளை. இங்கேயோ கண்ணெதிரிலேயே கலர். படம் எங்கே ஒளிந்திருந்தது, யார் உள்ளே இருந்து வரைகிறார்கள் என்று எனக்கு மண்டை குடைந்தது. மாமா அசந்த நேரத்தில் துருத்திக்குள் ஊதிக்கூடப் பார்த்தேன்.

எனக்கென்று மாமா எடுத்துக் கொடுத்தது பக்கத்து வீட்டு வெள்ளாட்டின் படம். நானும் கூட நின்றிருந்தேன், ஆனால் ஆடுதான் நன்றாக விழுந்திருந்தது. எங்கள் ஊர்க் காற்றில் ஈரம் என்பது பேருக்கும் இல்லையே, சாயங்காலத்துக்குள் படம் வெற்றிலைச் சுருளாகச் சுருண்டுவிட்டது. புத்தகத்துக்கு அடியில் வைத்தேன், அம்மிக்கு அடியில் வைத்தேன். எடுத்தால் மறுபடியும் சுருள்கிறது. தொய்ந்த பொருள் விறைப்பாக நிற்க எங்கள் வீட்டில் ஒரே வைத்தியம்தான் உண்டு. மறுநாள் அம்மா சோறு வடித்து வைத்ததும், சுடச்சுட இருந்த கஞ்சிச் சட்டியில் ஆட்டை முக்கினேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஓரம் நெளிந்தது. பால் ஆடை மாதிரி மெல்லிசான ஒரு தோல், ஆட்டையும் என்னையும் தூக்கிக்கொண்டு தாளை விட்டுக் கழன்று மிதந்தது. நான் போட்ட கத்தலில் மாமா ஓடிவந்தார். அடி விழும் என்றுதான் நினைத்தேன். அவரோ சட்டிக்கு முன்னால் குத்தவைத்துவிட்டார்.

“ஏ, இங்க வந்து பாருங்க! ஆடு தாள விட்டுக் கழண்டு வருது!”

பழைய துண்டுக் கிழிசல் ஒன்றை நனைத்து, தோலுக்கு அடியில் கொடுத்து மெல்லத் தூக்கினார். ஆடு துணியில் வந்து படுத்தது. கால் நாலும் நாலு திசைக்குப் போயிருந்தது. காய்ந்த பிறகு பார்த்தால் துணியின் இழை ஒவ்வொன்றும் ஆட்டின் உடம்பில் தெரிந்தது. தாளில் இருந்ததைவிட அதுதான் உயிரோடு இருப்பதாக எனக்குப் பட்டது.

அதற்கப்புறம் மாமாவுக்கும் எனக்கும் சாப்பாடே இறங்கவில்லை. எடுத்த படத்தையெல்லாம் உரித்தோம். முட்டையில் ஒட்டினோம், பானையில் ஒட்டினோம், துவைக்கிற கல்லில் ஒட்டினோம். கஞ்சி கொதித்தால் தோல் கந்தலாகிவிடும், ஆறிவிட்டால் கழலவே கழலாது, விரல் வைத்தால் ‘ஸ்’ என்று எடுக்கிற சூடுதான் சரி என்பதெல்லாம் எனக்கு அத்துப்படியானது. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, ஈரம் காய்வதற்குள் தோலை இழுத்தால் இழுத்த பக்கம் வரும் என்பது. மாமா தம்முடைய படத்தை ஒரு தலையணை உறையில் ஒட்டி, தொப்பையை விரலால் உள்ளே தள்ளினார். தொப்பை போய்விட்டது. அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது.

அத்தை சிரிக்கவில்லை. அடுப்படியிலிருந்து வந்து நின்று, அந்தத் தலையணை உறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மொகத்தையும் இப்பிடித் தள்ளலாமா, அத்தான்?”

“காயிறதுக்குள்ள எதையும் தள்ளலாம்மா. காஞ்சா அம்புட்டுத்தான், ஆண்டவன் வந்தாலும் அசைக்க முடியாது.”

சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அத்தைக்கு அப்போது சிரிக்கிற நிலைமை இல்லை. பள்ளி இறுதி வகுப்புத் தேறிவிட்டு, மதுரையில் ஆசிரியப் பயிற்சிக்கு எழுதிப் போட்டிருந்தாள். அப்பா, பொம்பளைப் பிள்ளைக்கு இவ்வளவு படிப்பே தாராளம், ஆவணியில் கல்யாணம் என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீடு திருச்சுழியில் ஜவுளிக்கடை. ஜாதகம் பொருந்திவிட்டது. படம் ஒன்று அனுப்புங்கள், பார்த்துவிட்டு ஒரு நல்ல நாளில் வந்து பூ வைக்கிறோம் என்று தரகர் மூலம் சொல்லியிருந்தார்கள். அத்தை அழுது பார்த்தாள், சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள். அப்பா மசியவில்லை. துணி அலசும்போது என்னிடம்தான் சொல்லுவாள்: “எனக்குப் பள்ளிக்கூடத்துல நின்னு, போர்டுல எழுதணும்டி. அவுக கடையில கல்லாவுக்குப் பின்னால உக்காந்து சாகப் போறேன்.” கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தால் ஏன் சாக வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அப்பா தினமும் அங்கேதானே உட்கார்ந்திருக்கிறார்!

மாமாவிடம் கடைசியாக மிஞ்சியிருந்த பிலிமில் அத்தையை எடுத்தார். ஊதாச் சேலை, தலை நிறையக் கனகாம்பரம். அவ்வளவு அழுதவள் படத்தில் அவ்வளவு அழகாக இருந்தாள். “திருச்சுழியில கலர் போட்டோவ எவன் கண்டான்!” என்று அப்பாவுக்கு ஒரே பெருமை. அன்றைக்கே மாமா கேமராவைத் தூக்கிக்கொண்டு கப்பலுக்குக் கிளம்பிவிட்டார். அன்று சாயங்காலமே, மற்றப் படங்களைப் போல இதுவும் சுருண்டது.

அத்தை தானாகவே அப்பாவிடம் போய் நின்றாள். கல்யாணப் பேச்சு எடுத்த நாளிலிருந்து அவரிடம் முகம் கொடுத்துப் பேசாதவள்.

“சுருண்டுபோன படத்தையா குடுத்து விடுவீக? அவுக ஜவுளிக்காரவுக. நம்ம கடைத் துணியில ஒட்டி, கஞ்சி போட்டு, சட்டம் கணக்கா வெறப்பா அனுப்புனா நமக்குத்தான பேரு?”

அப்பாவுக்கு வாயெல்லாம் பல். தங்கைக்குப் புத்தி வந்துவிட்டது, அதோடு கடைக்கு ஒரு விளம்பரமும் ஆயிற்று. தாமே கடைக்குப் போய், இருப்பதிலேயே நயமான துணியில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வந்து கொடுத்தார்.

மறுநாள் காலையில் வேலை. உரிக்கிறவள் நான். மாமா போன பிறகு அந்த வித்தை தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்ற கர்வம் எனக்கு. வடிகஞ்சியின் சூட்டை விரலால் பார்த்து, படத்தை முக்கி, ஓரம் நெளிகிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு கிழிசல் இல்லாமல் அத்தை கழன்று வந்தாள். தாம்பாளத்தில் பச்சைத் தண்ணீரில் அலசி, நனைந்த துணியில் கிடத்தினேன். கனகாம்பரம்கூட ஒரு பூ நகரவில்லை. அப்படி ஒரு வேலையை இந்தக் கை அப்புறம் செய்ததில்லை.

அப்போது அத்தையின் விரல் வந்தது. வாயின் ஓரத்தில் வைத்து, காதுப் பக்கமாக மெல்ல இழுத்தாள். பிறகு இடது கண்ணை லேசாக மேலே தள்ளினாள்.

“அத்தை! வாய் கோணுது!”

“காயட்டும். சரியாயிரும்.”

காய்ந்தால் சரியாகாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் பெரியவர்கள் சொல்லும்போது எப்படி மறுப்பது? அத்தை தனியாக ஒரு மைதாக் கஞ்சி காய்ச்சி வைத்திருந்தாள். சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் காய்ச்சுகிற கெட்டி. அதை அள்ளித் துணியின் முன்னாலும் பின்னாலும் பூசினாள்.

“இம்புட்டா?” என்றேன்.

“ஜவுளிக்காரவுகளுக்கு அனுப்புறோம்ல” என்றாள்.

துணி பலகையாகக் காய்ந்தது. அப்பா சாப்பாட்டுக்கு வருமுன் அதைத் தாளில் சுற்றி, நூல் கட்டி, திருச்சுழி பஸ்ஸுக்குப் புறப்பட்ட தரகர் கையில் கொடுத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்தார், சுற்றிய தாளோடு. வந்தவர் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

“முதலாளி, அவுக மொகத்த முதல்ல பாக்கவே இல்ல. துணியத்தான் பாத்தாக. ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சுக் கசக்குனாரு பெரியவரு. பொலபொலன்னு மாவு கொட்டுது. இம்புட்டுக் கஞ்சி ஏத்திருக்குன்னா நெசவுல பழுது இருக்கும்னாரு. அப்பறந்தான் மொகத்தப் பாத்தாக.”

அப்பா தாளைப் பிரித்தார். துணியிலிருந்து அத்தை ஒரு பக்கமாக வாயை இழுத்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணை உயர்த்தி அவரைப் பார்த்தாள்.

“நேர்ல வந்து பாக்கச் சொல்லுங்கய்யா! தங்கமா இருக்கா என் தங்கச்சி!”

“சொன்னேன் முதலாளி, தாள்ல இருந்து உரிச்சு ஒட்டுன படம்னும் சொன்னேன். மாப்பிள்ளையோட அம்மாதான் ஒத்துக்கிடல. உரிச்ச மொகத்த அனுப்புன வீட்டுல சம்பந்தம் பேசுனா, என் வீடு வெளங்குமான்னுட்டாக.”

தரகர் படியிறங்கியதும் அப்பா திரும்பினார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

“யாரு ஒட்டுனது இத?”

அடுப்படி வாசலில் அத்தை கரண்டியோடு நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மாப்பிள்ளையும் போய்விட்டான், இனி அடி வேறு வாங்க வேண்டுமா? கை தவறுவது யாருக்கும் நடக்கிறதுதானே.

“அண்ணே, அது நான்…” என்று அவள் ஆரம்பித்தாள்.

“நான்தான்ப்பா!” என்று கத்தினேன். “உரிச்சது நானு, ஒட்டுனது நானு, கோணுனதும் என்னாலதான்!”

அப்பா கையை ஓங்கினார். ஆனால் அத்தை கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். சின்னப்பிள்ளை கையில் இதைக் கொடுத்த நம்மைச் சொல்ல வேண்டும் என்று அம்மா சொன்னாள். ஓங்கிய கை இறங்கிவிட்டது. எனக்கு அழுகை வந்தது, கூடவே பெருமையாகவும் இருந்தது. அத்தையைக் காப்பாற்றிவிட்டேன்.

திருச்சுழிப் பக்கமெல்லாம் அத்தைக்கு வாய் கோணல் என்று பேச்சுப் பரவியது. இந்தப் பேச்சு அடங்காமல் வேறு இடம் பார்க்க முடியாது என்று அப்பாவுக்குப் புரிந்தது. அந்தச் சமயத்தில்தான் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்திருப்பதாகத் தகவல் வந்தது. அப்பா பல நாள் உர்ரென்று இருந்துவிட்டு, “சும்மா கெடக்குறதுக்குப் போயிப் படிச்சுத் தொலைக்கட்டும்” என்றார்.

புறப்படுகிற அன்று அத்தை டிரங்குப் பெட்டியில் சேலைகளை அடுக்கினாள். எல்லாவற்றுக்கும் அடியில் அந்தக் கோணல் வாய்த் துணியை வைத்தாள். நான் அதைப் பார்த்தேன். கெட்டுப்போன ஒன்றை இவ்வளவு பத்திரமாக எதற்குச் சுமக்கிறாள் என்று கேட்க நினைத்தேன், அதற்குள் அப்பா பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சத்தம் போட்டார்.

மதுரை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அப்பா டிரைவரிடம் பெட்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சக்கரத்தின் மேல் ஒரு காலை வைத்து ஏறி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பல நாளாக அடக்கி வைத்திருந்ததை அவள் காதில் சொன்னேன்.

“அத்தை, ஒங்க விரல் பட்டுத்தான் வாய் கோணுச்சு. நான் பாத்தேன். யார்ட்டயும் சொல்லல. நீங்க பயப்படாமப் படிங்க.”

அத்தை என்னையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

“அழாதீங்க” என்றேன். “அடுத்த மாப்பிள்ளைக்கு அனுப்பும்போது ரெண்டு பேருமாச் சேந்து நல்லா ஒட்டுவோம்.”

பஸ் நகர்ந்தது. அத்தை அழுதுகொண்டிருந்தவள், திடீரென்று வாய்விட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். பக்கத்துச் சீட்டுக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டும் அடங்கவில்லை. பஸ் திரும்பி மறைகிறவரை ஜன்னலில் அவள் தோள் குலுங்குவது தெரிந்தது.

ஆறுதல் சொன்னதற்கு யாராவது இப்படிச் சிரிப்பார்களா? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். அத்தைக்குக் கை தவறிவிட்டது என்று அந்த ஊரிலேயே நம்பிக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். அவளுக்குப் படம் ஒட்டவே தெரியாது என்று வருத்தப்பட்டுக்கொண்டே நடந்தேன்.