மூன்று மாத வாத்தியார்

வாத்தியார் உத்தியோகத்தில் பிள்ளைகளுக்குப் பரீட்சை வருஷக் கடைசியில். வாத்தியாருக்கோ தினம் காலையில். கறுப்புப் பலகைக்கு முன்னால் சாக்குக்கட்டியும் கையுமாக நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள்; தோட்டத்துக்குத் தோட்டம் பள்ளிக்கூடம் முளைத்த காலம். ஈப்போ பட்டணத்தில் வாத்தியார் பயிற்சி வகுப்பை முடித்த கையோடு, கோலா கங்சார் சாலையில் ஒரு ரப்பர் தோட்டப் பள்ளிக்கு மூன்று மாதம் பாடம் நடத்த என்னை அனுப்பினார்கள். கடைசி நாள் இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். அவர் சரியென்றால் நான் வாத்தியார். இல்லையென்றால் ஈப்போவில் மாமாவின் ஜவுளிக்கடையில் ஆயுசுக்கும் துணி கிழிக்க வேண்டியதுதான். "போய்ட்டு வா, உன் கஜக்கோல அப்படியே வச்சிருக்கேன்" என்று சிரித்துக்கொண்டே வழியனுப்பினார் மாமா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

யார் ஆள்?

முதல் நாள் பிள்ளைகள் இரண்டு கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் கலந்து கிடந்தன. பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி வகுப்புவாரியாகப் பிரித்து உட்கார வைத்துவிட்டு, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மத்தியானம் பெரிய கங்காணி வந்து நின்றார். தோட்டத்தில் ஆட்களைச் சேர்த்து வேலை வாங்கும் கங்காணிகள் இரண்டு பேர். காலையில் பெரட்டு என்கிற பேர்க்கணக்குக்கு எல்லாரும் கூடும்போது ஒவ்வொருவர் ஆட்களும் தனித்தனி வரிசையில் நின்றுதான் பேர் கொடுப்பார்கள். தாய் தகப்பன் எந்த வரிசையோ, பள்ளியில் பிள்ளைகளும் அந்த வரிசையாம். வயசையும் படிப்பையும் பார்த்துப் பிரித்திருக்கிறேன் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு அவர் சொன்னார்: "அதெல்லாம் சரிதான் வாத்தியாரே, நீங்க மூணு மாசத்துல போயிருவீங்க. கலந்த ஆளுகள அப்புறம் நானில்ல பிரிக்கணும்?"

வெட்டுக் கோடு

பிள்ளைகள் கண்ணால் காணும் பொருளிலிருந்து பாடத்தைத் தொடங்கு என்பது பயிற்சி வகுப்பில் எங்கள் காதில் ஓதியது. இவர்கள் ரப்பர் மரத்தைவிட அதிகம் கண்ட பொருள் ஏது? பலகை நிறைய ஒரு மரம் வரைந்து, தண்டில் வெட்டுக் கோடு போட்டு, கோடு முடியும் இடத்தில் பால் வடியும் மங்குக் கிண்ணத்தையும் மாட்டினேன். திரும்பிப் பார்த்தால் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

கடைத்தெருவில் வளர்ந்த நான் பால் மரத்தைப் பக்கத்தில் நின்று பார்த்ததே கிடையாது. வெட்டு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்க வேண்டுமாம். நான் வலமிருந்து இடமாக இறக்கியிருந்தேன். முன்னால் இருந்த ராக்காயி என்ற எட்டு வயசுப் பெண் எழுந்து, என்னை ரொம்பப் பரிதாபமாகப் பார்த்தாள். "பரவால்ல வாத்தியாரே, எங்கம்மாகிட்ட சொல்றேன். ஒரு வாரத்துல பழக்கி விட்டுரும்."

பெரட்டு மணி

கடைசி நாள், இன்ஸ்பெக்டர் தைப்பிங்கிலிருந்து ஒன்பது மணிக்கு வருவதாகச் சேதி. அன்று விடியும்போதே மழை. தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஏழரைக்கே பள்ளியில் உட்கார்ந்தேன். எட்டாயிற்று, ஒரு பிள்ளையைக் காணோம். மழை பெய்தால் பால் வெட்டு கிடையாது; வெட்டு இல்லாத நாளில் தோட்டத்தில் எதுவுமே கிடையாது. அந்த மூன்று மாதமும் மழை சாயங்காலத்தில்தான் பெய்து தொலைத்தது. எனக்கு இது எங்கே தெரியும்?

குடையைப் பிடித்துக்கொண்டு தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கு ஓடினேன். பாதிப் பிள்ளைகள் ஆற்றுக்கு மீன் பிடிக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். மீதி இழுத்துப் போர்த்திக்கொண்டு தூக்கம். கூப்பிட்டுப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன், ஒருவரும் அசையவில்லை. மாமாவின் சிரிப்பு கண் முன்னே வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதைப் பார்த்துத்தானோ என்னவோ, அங்கே நின்ற பெரிய கங்காணி போய்ப் பள்ளிக்கு எதிரே தொங்கிய பெரட்டு மணியை அடித்தார்.

மணிச் சத்தத்துக்குத் தோட்டமே வந்தது. பிள்ளைகளோடு தாய் தகப்பன்மாரும் வெட்டுக் கத்தியும் வாளியுமாக ஓடி வந்து, விஷயம் தெரிந்ததும் கங்காணியைத் திட்டித் தீர்த்துவிட்டு, மழைக்கு ஒதுங்கிப் பள்ளிக்குள்ளேயே நின்றுவிட்டார்கள். அப்போதுதான் இன்ஸ்பெக்டரின் கார் வந்தது.

பெருக்கல் எடுத்தேன். ஒரு நிரைக்கு இருபது மரம், பத்து நிரைக்கு எத்தனை? இருநூறு என்றது மூன்றாம் வகுப்பு. நான் மூச்சு விடுவதற்குள், நிற்கிற மரம் இருநூறு சரி, பட்டை காய்ந்து பால் வராததை யார் கழிப்பது என்று பின்னாலிருந்து ஒரு அம்மாள் கேட்டாள். முப்பது கழியும் என்றார் ஒருவர். நாற்பது என்றார் இன்னொருவர். சண்டையே மூண்டுவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். வேறு வழி தோன்றாமல் இரண்டு கணக்கையும் பலகையில் எழுதி, யார் சொன்னதற்கு எவ்வளவு வருகிறது பாருங்கள் என்று பிள்ளைகளிடம் விட்டேன். எல்லாச் சிலேட்டிலும் குச்சி ஓடியது. சண்டை போட்டவர்கள் அதை விட்டுவிட்டு, அவரவர் பிள்ளையின் சிலேட்டைக் குனிந்து பார்த்தார்கள். தம் பிள்ளை எழுதுவதை அவர்கள் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டுத் தாளை என்னிடம் நீட்டினார். "பாஸ். பேர்ப் பட்டியலில் இருப்பதைவிட அதிகம் பேர் ஆஜரான வகுப்பை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்."

ஆக, பயிற்சி வகுப்பில் கற்ற வித்தையெல்லாம் மழையோடு போக, வேலைக்குப் போகாதவர்களின் தயவில் நான் வேலைக்குப் போனேன்.