கழிமுகக் கோட்டையின் தாய்க்கு ஒரு முகம்

ஓவியர் மைதீன் பாய் வெள்ளிக்கிழமை விடியும் நேரத்தில் தாராவியிலுள்ள தம் வீட்டில் காலமானார். அவருடைய மனைவி ஜைனம்பு அக்கா அன்று காலை என்னைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னார். "அவுக போயிட்டாவ. பேப்பர்ல வயசக் கூட்டிப் போட்டுராதிய. கனவுல வந்து சண்டை போடுவாவ." இதைச் சொல்லிவிட்டுத்தான் அழுதார். ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு அடக்கம் நடந்தது.

இந்த ஞாயிறு இணைப்பை வாசிப்பவர்களுக்கு அவரைத் தெரியும். தோல் பை தைக்கும் பட்டறை நடத்திக்கொண்டே, பல ஆண்டுகள் இதில் 'கழிமுகக் கோட்டை' என்ற படக்கதையை வரைந்தவர். தாராவியை ஒட்டிய கழிமுகத்தில் நீர் வற்றும்போது ஒரு கோட்டை எழும். அதற்குள் நுழைகிறவர்கள் தங்கள் நிழலை உப்பரசனுக்கு வரியாகக் கொடுத்துவிட வேண்டும். தம்பியைத் தேடி உள்ளே போன ரஹ்மத் என்ற சிறுமியின் கதை அது. அவளுடைய தாய் கரையில் காத்து நிற்பாள். வாரந்தோறும் ஒரு கட்டத்திலாவது வருவாள். ஆனால் நாம் பார்த்ததெல்லாம் அவள் முதுகைத்தான்.

எதைப் பற்றி எழுதினாலும் குறையை முதலில் எழுத வேண்டும் என்பது அவர் கட்சி. "குறையச் சொல்லி முடிச்சிருங்க நிருபரே. கடைசில வாசகன் கையில நன்றி நிக்கட்டும்" என்பார். அவர் முறைப்படியே செய்கிறேன். பக்கத்தை அவர் ஒருநாளும் நேரத்துக்குத் தந்ததில்லை. திருத்தம் கேட்டால் முகம் கொடுத்துப் பேசமாட்டார். கைகளை அற்புதமாக வரைவார். கால்கள் வரவே வராது. அவர் கதையில் எல்லோரும் முழங்கால் அளவு சேற்றில் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

கடந்த ஆண்டு ஓர் இந்தி சேனல் அந்தக் கதையைத் தொடராக எடுத்தது. எங்கள் ஆசிரியருக்கு ஒரு யோசனை தோன்றியது: தொடரின் மதிப்புரையை மூலக்கதைக்காரரே எழுதினால் என்ன? கேட்கப் போன என்னிடம் மைதீன் பாய் ஒரே நிபந்தனை வைத்தார். தனியாகப் பார்க்கமாட்டார். பட்டறையில் எல்லோரோடும் உட்கார்ந்துதான் பார்ப்பார்.

அப்படியே நடந்தது. தையல் மெஷின்களை ஓரம் தள்ளி, தோல் கட்டுகளின் மேல் ஆட்கள் உட்கார்ந்தார்கள். நிழலைப் பறிகொடுத்த மீனவன் ஒருவன் அழுதுகொண்டு திரையில் நின்றபோது, தையல்காரர் இசக்கி எழுந்தேவிட்டார்.

"என்ன பாய் இது? நிழலப் புடுங்கிட்டான்னு அழுதான். அவன் பின்னால ரெண்டு நிழலுல்லா நிக்கு!"

ஸ்டுடியோ விளக்குகளின் வேலை அது. மூலையிலிருந்து இன்னொருவர் பதில் கொடுத்தார்: "வரி போக மிச்சம்வே அது. ஒக்காரும்."

பட்டறையே சிரித்தது. மைதீன் பாய்தான் அதிகம் சிரித்தார். கோட்டை பளிங்கு மாதிரி மின்னியதும், ரஹ்மத்தின் சட்டையில் கடைசிவரை ஒரு பொட்டுச் சேறு ஒட்டாததும் அவருக்கு உறுத்தின. படக்கதையில் உப்பரசன் பேசவே மாட்டான். அவன் வாயருகே பேச்சுக்குமிழ் வெறுமையாகத் தொங்கும். தொடரில் அவன் பின்னணி இசையோடு நீளமாகப் பேசினான். "வாயத் தொறக்காத வரைக்கும்தான் அரசன். பேச ஆரம்பிச்சா அவனும் நம்ம ஹவுசிங் சொசைட்டி செக்ரட்டரிதான்" என்றார்.

கடைசிக்கு முந்தைய பகுதியில் சிரிப்பு நின்றது. படக்கதையில் இல்லாத காட்சி அது. தாய் கரையை விட்டுச் சேற்றில் இறங்கிக் கோட்டை வாசலுக்கு வருகிறாள். மகளின் நிழலுக்குப் பதிலாகத் தன் நிழலை எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள். நடிகையின் முகம் திரை முழுக்க இருந்தது. 

வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஜைனம்பு அக்கா சொன்னார்: "இத்தன வருசமா முதுகத்தான வரைஞ்சிய? அவளுக்கும் மூஞ்சி இருக்கும்னு டிவிக்காரன் வந்துதான் சொல்லணுமாக்கும்."

மைதீன் பாய் திரும்பிப் பார்த்தார்.

மதிப்புரை வழக்கம்போலத் தாமதமாக வந்தது. இரட்டை நிழல், பளிங்குக் கோட்டை, பேச்சு நிற்காத அரசன் எல்லாம் முதல் பாதியில் இருந்தன. மறுபாதியில் நீர் வற்றும் ஒலியைப் புகழ்ந்திருந்தார். தாளில் அதைத் தம்மால் கேட்க வைக்க முடியவில்லை என்றார். பிறகு தாய் வரும் காட்சி. 'இது என் கதையில் இல்லை. இருந்திருக்க வேண்டும்' என்று முடித்திருந்தார். தம் கதையைக் கெடுத்துவிட்டார்கள் என்று புலம்புகிற படைப்பாளிகளிடம் பேட்டி எடுத்துப் பழகிய எனக்கு, அந்தக் கடைசி வரி அச்சாகும்வரை நம்பிக்கை வரவில்லை. மாற்றச் சொல்லி அவர் அழைக்கவில்லை.

அதைப் படித்துவிட்டுத் தொடரின் இயக்குநர் வித்யா பட்டறைக்கு வந்தார். 'படித்துவிட்டு' என்பது சரியல்ல. மும்பையின் செம்பூரில் பிறந்து வளர்ந்த அவருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது.

"லைட்டிங்குக்கு பஜெட்டே நஹி தா, இல்லவே இல்ல அங்கிள், சாரி" என்று ஆரம்பித்தார். "உங்க ரிவ்யூவ அம்மா போன்ல வாசிச்சாங்க. சின்ன வயசுல உங்க காமிக்ஸும் அப்படித்தான். சண்டேன்னா அம்மா மடியில பேப்பர். ரஹ்மத், மீனவன், எல்லாருக்கும் அம்மா குரல்தான். அந்தக் கரையில நிக்கிற அம்மா மட்டும் ஒண்ணுமே பேசமாட்டாங்களா, எனக்குக் கோவமா வரும்."

மைதீன் பாய் தேநீரைக் கீழே வைத்தார். "அப்ப நீங்க எடுத்தது நான் வரைஞ்ச கதை இல்லம்மா. ஒங்கம்மா வாசிச்ச கதை. அதான் நல்லா இருக்கு."

அன்றிலிருந்து அவர், புத்தகமாக வரவிருந்த படக்கதையின் கடைசிப் பாகத்தை மாற்றி வரையத் தொடங்கினார். சிறுநீரகம் பழுதாகி, நாள்விட்டு நாள் மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்த சமயம். தாய்க்கு முகம் வேண்டியிருந்தது. ஜைனம்பு அக்காவை உட்காரச் சொன்னார். "இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுதா?" என்று அக்கா மறுத்தார். பிறகு மீன் ஆய்கிற நேரத்தில் மட்டும் பார்த்துக்கொள்ள அனுமதி கொடுத்தார். "மூக்க மட்டும் சின்னதாப் போடுங்க" என்று அவர் கேட்டதும், "அப்ப அது நீ இல்லல்லா" என்று இவர் சொன்னதும் என் காது கேட்க நடந்தவை.

சென்ற மாதம் பார்க்கப் போனபோது பக்கங்கள் பட்டறையில் தோல் அறுக்கும் வெட்டுமேசையில் கிடந்தன. எல்லாவற்றுக்கும் மை போட்டாகிவிட்டது, கடைசிப் பக்கத்தைத் தவிர. அதில் அந்தத் தாய் சேற்றில் நின்று நம்மைத் திரும்பிப் பார்க்கிறாள். மூக்கு சின்னதாக இல்லை. எல்லாம் பென்சில் கோடு. கை நடுக்கம் நின்றதும் மை போடுவதாகச் சொன்னார்.

ஐம்பதைக் கடந்தும் தம் கதையில் இல்லாத ஒன்றை இன்னொருவர் படைப்பில் பார்த்து, அதைப் பெயர் சொல்லிப் பாராட்டி, வீட்டுக்கு வந்து பென்சிலை எடுத்த மனிதரை என் தொழிலில் நான் அதிகம் சந்தித்ததில்லை. குறையை முதலில் முடித்துவிடு என்ற அவருடைய வரிசை என்னோடு இருக்கும்.

புத்தகம் வருமா என்று பதிப்பாளரைக் கேட்டேன். கடைசிப் பக்கம் ஒன்றுதான் பாக்கி, வேறோர் ஓவியர் மை போட ஆயத்தமாக இருக்கிறார், ஜைனம்பு அக்காவின் சம்மதம் வேண்டும் என்றார். அக்காவிடம் கேட்டேன்.

"அடுத்தவுக மை போட்டா இவுக கோடு மறைஞ்சிரும். போடலன்னா அச்சுல மூஞ்சி தெளியாதுங்காவ. நாப்பதாம் நாள் பாத்திஹா கழியட்டும், சொல்லுதேன்."

அதுவரை அந்தப் பக்கம் வெட்டுமேசையில், அவர் வைத்த இடத்திலேயே இருக்கும்.